கொட்டிக்கிழங்கு எடுக்கப் போகிறவர்களுக்கு: மாசியில் பூ, ஆடியில் கிழங்கு

ஆடி மாதத்தில் மண்வெட்டியோடு வந்து "கொட்டிக்கிழங்கு எங்கே கிடக்கும்?" என்று கேட்கிறவர்களிடம், அடுத்த மாசியில் வெறுங்கையோடு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கொட்டி என்ற நீர்ச்செடியின் கிழங்கு எடுக்கிற காலம் ஆடி, ஆவணி என்பது சரி. ஆனால் அந்த நேரம் குளத்தில் இலையும் இருக்காது, பூவும் இருக்காது. வெடித்துக் காய்ந்த சேறு மட்டும்தான் கிடக்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் அந்தச் சேற்றைக் கிளறினால் கோரைக்கிழங்கு வரும், அல்லிக்கிழங்கு வரும், பேர் தெரியாத வேர்களும் வரும். தண்ணீர் நிற்கும்போது பூவைப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் போனபின் அதே இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். இந்த இரண்டையும் சரியாகச் செய்தால் மிச்ச வேலை எளிது.

நான் படுவான்கரையில் வளர்ந்தவள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயலும் குளமும் மாட்டுப் பட்டியுமாக இருக்கிற பக்கம். என் அம்மம்மாவுக்குக் கொட்டிக்கிழங்கு என்பது வெள்ளாமை பிழைத்த வருடங்களில் வீட்டை ஓட்டிய சாப்பாடு. எனக்கு அது பள்ளி விடுமுறைப் பலகாரம். என் பிள்ளைகளின் வயதுக்காரருக்குப் பெயர் மட்டும் தெரிகிறது. அவர்களுக்காகவும், வேலைக்கோ கலியாணத்துக்கோ மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வந்து குடியேறி, குளத்தில் மிதக்கிற அந்தச் சின்னப் பூவைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

குளம் வற்றியதும் பறவைகள் பறந்துபோகும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், உறவென்றால் அப்படி இருக்க வேண்டும் என்று ஔவையார் பாடியதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தக் கொட்டிதான் இது. பாட்டில் இருப்பது வெறும் உவமை இல்லை, கண்ணால் கண்ட செய்தி. தண்ணீர் வற்ற வற்ற இலை காய்ந்து சேற்றோடு சேர்ந்துவிடும். கிழங்கு உயிரோடு மண்ணுக்குள் உறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்து குளம் நிறைந்ததும் அதே கிழங்கிலிருந்து மறுபடி இலை வரும். நாம் தோண்டி எடுப்பது அந்த உறங்குகிற கிழங்கைத்தான். அது அடுத்த வருடத்துச் செடி என்பதையும் மறக்கக் கூடாது.

முதலில் பூவைப் பழகுங்கள்

மாரி மழை ஓய்ந்து, குளத்துத் தண்ணீர் கலங்கல் தெளிந்த பிறகு, தை கடைசியிலோ மாசியிலோ போங்கள். காலை ஏழு, எட்டு மணி நல்லது. காற்றில்லாமல் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும், மிதக்கிற இலைகளை நன்றாகப் பார்க்கலாம்.

அல்லி, தாமரை இலைகள் வட்டமானவை. கொட்டி இலை அப்படியில்லை. அது நீளவாட்டில் மிதக்கும். ஒரு விரல் அகலத்திலிருந்து மூன்று விரல் அகலம் வரை இருக்கும். காம்போடு சேரும் அடிப்பகுதி வட்டமாகவோ கொஞ்சம் உள்வாங்கியோ இருக்கும். ஒரு இலையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டுங்கள். நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் சில நரம்புகள் அடியிலிருந்து நுனி வரைக்கும் சேர்ந்தாற்போல ஓடும். அவற்றை இணைத்துக்கொண்டு குறுக்கே மெல்லிய நரம்புகள், ஏணிப்படி போல. இந்த ஏணியை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. காம்பு நூல் மாதிரி நீண்டு, தண்ணீர் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்கு இறங்கிச் சேற்றில் முடியும்.

பூவை ஒரு கணம் நின்று பார்க்கச் சொல்வேன். தண்ணீருக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கதிர் நிற்கும். ஒரு காம்புக்கு ஒரே கதிர். வெள்ளை, அல்லது லேசான ரோசாவும் ஊதாவும் கலந்த நிறம். மொட்டாக இருக்கும்போது கதிரை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும். கதிர் வளர்ந்ததும் உறை கழன்று விழுந்துவிடும். எட்ட நின்று பார்த்தால் ஏதோ சின்னப் பூச்சரம் மாதிரித்தான் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் எத்தனையோ தனித்தனிப் பூக்கள். ஒவ்வொன்றிலும் இதழ் மாதிரி இரண்டே இரண்டு, நடுவில் ஆறு மகரந்தக் காம்பு, அவற்றுக்குள்ளே மூன்று சூல்கள். கைபேசிக் கமெராவைப் பெரிதாக்கிப் பிடித்தாலே எண்ணிப் பார்க்கலாம். சிறு தேனீக்கள் அந்தக் கதிரைச் சுற்றிச் சுற்றி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நான் அரைமணி நேரம் குளக்கட்டில் இருந்திருக்கிறேன்.

இதன் தாவரவியல் பெயர் அப்போனோஜெட்டன் நேட்டன்ஸ். இலங்கையிலும் இந்தியாவிலும் இயற்கையாக வளர்வது. இதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு, அப்போனோஜெட்டன் கிறிஸ்பஸ். அதன் இலைகள் பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே அலை அலையாகச் சுருண்டு நிற்கும். சிங்களத்தில் அதற்குக் கெகட்டிய என்று பெயர். பூத்தண்டைக் கட்டுக் கட்டாகச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள், கறி வைப்பார்கள். அம்பாறை நகரப் பக்கம் இருக்கிறவர்கள் அதைச் சாப்பிட்டிருக்கலாம். மீன்தொட்டிக் கடைகளில் விற்கிற கிழங்குகளும் இந்தக் குடும்பம்தான். ஆனால் கடையில் வாங்கியதை வாயில் வைக்காதீர்கள். அது என்ன கலப்பு, எந்த மருந்தில் தோய்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆள்மாறாட்டம் நடக்கிற செடிகளையும் சொல்லிவிடுகிறேன். நீள இலை மிதக்கிற வேறு நீர்ச்செடிகளும் உண்டு. அவற்றின் கதிர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும், வெள்ளையோ ரோசாவோ வராது. ஆற்றுவாழைக்குக் காம்பு பஞ்சுபோல ஊதியிருக்கும், வேர் தண்ணீரிலேயே தொங்கும். அதில் கிழங்கே கிடையாது. கரையோரத்தில் சேம்பு மாதிரி இலையோடு நிற்கிற எதையும் தொடவேண்டாம், வாயும் தொண்டையும் அரித்துத் தள்ளும். மிக முக்கியமானது கார்த்திகைப்பூ. அது குளத்துக்குள் வளராது, குளக்கட்டுப் பற்றைகளிலும் வேலிகளிலும் கொடியாக ஏறும். அதன் கிழங்கு ஆளைக் கொல்லும் நஞ்சு. வேறு கிழங்கென்று நினைத்துச் சாப்பிட்டு உயிர்போனவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் நின்ற சேற்றுத் தரையில், நீங்களே பூவோடு பார்த்துக் குறித்த இடத்தில் எடுத்த கிழங்கு மட்டும்தான் வீட்டுக்கு வரவேண்டும். குளக்கட்டில் கிடந்தது, பற்றைக்குள் கிடந்தது, பன்றி கிளறிப் போட்டது என்று எதையும் சேர்க்காதீர்கள்.

எந்தக் குளம்?

தம்பிலுவில், பொத்துவில், ஒலுவில், கோளாவில் என்று அம்பாறைக் கரையோரம் முழுக்க "வில்" என்று முடிகிற ஊர்கள். வில் என்பது ஆழமில்லாத நீர்நிலை, மாரியில் நிறைந்து கோடையில் வற்றுவது. கொட்டிக்குப் பிடித்த இடம் அப்படிப்பட்டதுதான். மாரியில் இடுப்பளவுத் தண்ணீர், கோடையில் காய்ந்த களி. வருடம் முழுதும் ஆழமாகத் தண்ணீர் நிற்கிற நடுக்குளத்தில் தேடிப் பயனில்லை. உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்களில்கூட அலைகரைப் பக்கம், தண்ணீர் ஏறி இறங்குகிற அந்த மெல்லிய சரிவில்தான் பார்க்கவேண்டும். என்னைக் கேட்டால், புதிதாகப் பழகுகிறவர்கள் பெரிய குளத்தை விட்டுவிட்டு ஊருக்குப் பின்னால் இருக்கிற சிறு குளத்துக்கோ வில்லுக்கோ போங்கள். ஆபத்தும் குறைவு, கேட்டறிய ஆளும் கிடைக்கும்.

கேட்க வேண்டியவர் வட்டைவிதானையார், அதாவது வயல்வெளிக்கும் பாசனத் தண்ணீருக்கும் பொறுப்பானவர். எந்தக் குளம் எப்போது வற்றும், எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள், எங்கே மாடு இறங்கும் என்று அவருக்குத் தெரியும். மாடு மேய்க்கிற அண்ணன்மாரிடமும் கேளுங்கள். "அண்ணே, கொட்டி எந்தப் பக்கம் பூக்கும்?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். தனியார் காணிக்குள் இருக்கிற குளமென்றால் காணிக்காரரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கல்லோயா தேசியப் பூங்கா போல வனஜீவராசிகள் திணைக்களம் பாதுகாக்கிற இடங்களில் எதையும் பிடுங்க அனுமதியில்லை. இங்கினியாகலைப் பக்கம் போகிறவர்கள் இதை மனதில் வைத்திருங்கள்.

வயலிலிருந்து வடிகிற வாய்க்கால் நேரே விழுகிற மூலையையும் விட்டுவிடுங்கள். களைநாசினியும் பூச்சிமருந்தும் அந்தத் தண்ணீரோடு வந்து அங்கேதான் தங்கும். பட்டணத்துக் குப்பைத் தண்ணீர் சேர்கிற குட்டைகளும் அப்படியே.

இடத்தைக் குறிப்பது

கொட்டி அடர்ந்து பூத்த இடத்தைக் கண்டதும் குளக்கட்டில் நின்று இரண்டு அடையாளம் எடுங்கள். ஒரு மருதமரமும் துருசும் (மதகு), அல்லது ஒரு பாறையும் மின்கம்பமும். இரண்டையும் ஒரே படத்தில் வரும்படி கைபேசியில் பிடித்து வையுங்கள். தடி நட்டு வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மாடு சாய்த்துவிடும், மீன்பிடிக்க வருகிறவர்கள் பிடுங்கி வலைக்குக் கட்டிவிடுவார்கள்.

ஒரு வருடத்துக் குறிப்பை அடுத்த வருடத்துக்கு நம்பாதீர்கள். 2011 தை மாத வெள்ளத்தில் நான் வழமையாகப் போகிற வில்லின் வடக்கு மூலையில் முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறிவிட்டது. அந்தக் கோடையில் பழைய நினைப்பில் போய்த் தோண்டி, ஒரு கிழங்கும் இல்லாமல் திரும்பினேன். அந்த மாசியில் ஒருமுறை போய்ப் பூவைப் பார்த்திருந்தால் அங்கே கொட்டி இல்லையென்று தெரிந்திருக்கும்.

இறங்குவதற்கு முன்

இதை அவசரமாக வாசிக்காதீர்கள். எங்கள் மாவட்டத்துச் சேற்றில் மீலியோய்டோசிஸ் என்ற நோயைக் கொடுக்கும் கிருமி இருக்கிறது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்ந்து, தோலில் இருக்கிற காயம் வழியாக உள்ளே போகும். நீரிழிவு உள்ளவர்களை அது மோசமாகத் தாக்கும். சீனி வருத்தம் இருக்கிறவர்கள், சிறுநீரக வருத்தம் இருக்கிறவர்கள், காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர்கள் சேற்றில் இறங்கவே வேண்டாம். குளக்கட்டில் இருந்துகொண்டு கிழங்கைக் கழுவிக் கொடுங்கள், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு. மற்றவர்கள் முழங்கால் வரை வருகிற றப்பர் பூட்சும் கையுறையும் போடுங்கள். எலிக்காய்ச்சலும் இதே சேற்றில்தான். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டிக் கேட்டால், தடுப்பு மாத்திரை தேவையா என்று சொல்வார். குளத்துக்குப் போய்வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், சேற்றில் நின்றேன் என்பதை ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

முதலை, யானை, பாம்பு. குளம் வற்றும்போது முதலைகள் மிச்சத் தண்ணீருக்குள் ஒடுங்கும், அல்லது சேற்றில் புதைந்து கிடக்கும். அதனால் தண்ணீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே வேலை செய்யுங்கள். யானைகள் மாலையில் தண்ணீருக்கு வரும். மூன்று மணிக்கு மேல் குளத்துக்குள் நிற்காதீர்கள். வெடிப்புகளுக்குள் பாம்பு படுத்திருக்கலாம், கையை விடுவதற்கு முன் தடியால் தட்டுங்கள். தனியே போகவே கூடாது. எந்தக் குளத்துக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

தோண்டுவது

சேறு எந்தப் பதத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் இதில் கைவந்தவர்களுக்கும் புதியவர்களுக்கும் உள்ள வித்தியாசம். தண்ணீர் விலகிய உடனே போனால் கால் புதையும், களி கையை விடாது. கச்சான் காற்று ஒரு மாதம் அடித்த பிறகு போனால் தரை கல்லாகிவிடும். அலவாங்கு போட வேண்டியிருக்கும், கிழங்கும் சிதையும். இரண்டுக்கும் நடுவே ஒரு பத்து, பதினைந்து நாள் இருக்கிறது. மேலே நடந்தால் கால் புதையாது, வெடிப்பு விரல் அகலத்துக்கு விட்டிருக்கும், ஆனால் ஒரு கட்டியைப் புரட்டினால் அடிப்பக்கம் கறுப்பாக, ஈரமாக, புட்டுக்குக் குழைத்த மா போல உதிரும். அந்தப் பதம்தான். எங்கள் பக்கம் அனேகமாக ஆனி கடைசியிலிருந்து ஆடி நடுப்பகுதிக்குள் வரும். பெரிய குளத்து அலைகரைகளில் ஆவணி வரை போகும்.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. கைப்பிடியுள்ள சிறு கம்பி அல்லது தோட்டக் கரண்டி, ஒரு பனையோலைப் பெட்டி அல்லது சணல் சாக்கு, குடிக்கத் தண்ணீர், தொப்பி. பொலித்தீன் பை வேண்டாம். நான் ஒருமுறை உரப்பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் வெயிலோடு கொண்டுவந்து, வீட்டில் அவிழ்த்தபோது பாதிக் கிழங்கு வியர்த்துக் குழைந்து மணத்தது. மண்வெட்டியையும் வீட்டில் வையுங்கள். மண்வெட்டி ஒரு வெட்டில் நாலு கிழங்கை அறுக்கும். அறுந்தது அடுத்த நாளே அழுகத் தொடங்கும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

அம்மம்மா எனக்குக் காட்டித்தந்த முறையைத்தான் நான் இன்றும் செய்கிறேன். குறித்த இடத்தில் குந்தியிருந்து சேற்றின் மேற்பரப்பைப் பாருங்கள். காய்ந்த இலைக்காம்புகள் பழுப்பு நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவற்றில் ஒன்றை நகத்தால் மெதுவாகக் கிளப்பி, அது எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று பின்தொடருங்கள். "இஞ்ச பாரு புள்ள, காம்பு செத்த இடத்தில குத்தாத. நாலு விரல் தள்ளிக் குத்து, மறுகா உள்ளுக்கால தூக்கு" என்பார். நாலு விரல் தள்ளிக் கம்பியைச் சரிவாக இறக்கி, மண்கட்டியோடு சேர்த்துத் தூக்கினால் கட்டி பிளந்து கிழங்கு தெரியும். அனேகமாக ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே இருக்கும். ஒன்று கிடைத்த இடத்தில் பக்கத்திலேயே இன்னும் சில கிடக்கும்.

கிழங்கு உருண்டை, அல்லது கொஞ்சம் நீண்ட உருண்டை. கொட்டைப்பாக்கு அளவிலிருந்து சின்ன நெல்லிக்காய் அளவு வரை. மேலே கறுத்த பழுப்புத் தோல், தலைப்பக்கம் பழைய காம்புகளின் நாரும் மெல்லிய வேர்களும் குடுமி மாதிரி. நகத்தால் கீறுங்கள், உள்ளே தேங்காய்ச் சொட்டு வெள்ளை. கீறினால் மஞ்சளாகவோ நாராகவோ இருந்தால், அல்லது கசக்கியதும் மருந்து வாசம் அடித்தால், அது கொட்டியில்லை. மருந்து வாசம் கோரைக்கிழங்கு. கை முட்டி அளவில், காம்புத் தழும்புகளோடு பெரிதாக வந்தால் அல்லியின் கிழங்காக இருக்கும். மெத்தென்று அமுங்கினால் அழுகல், அங்கேயே போட்டுவிடுங்கள்.

காட்டுப்பன்றி கிளறிய இடம் பக்கத்தில் இருந்தால் அங்கே கிழங்கு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். பன்றியின் மூக்கு நம் கண்ணைவிடக் கெட்டி. ஆனால் அது புதிதாகக் கிளறிய தடமென்றால், பற்றைக்குள் அது இன்னும் நிற்கலாம். விலகி வேறு பக்கம் போங்கள்.

எவ்வளவு எடுக்கலாம்? என் கணக்கு இது: ஒரு பாய் விரிக்கிற அளவு நிலத்தைக் கிளறினால், அடுத்த இரண்டு பாய் அளவைத் தொடக் கூடாது. கிளறிய இடத்திலும் சுண்டங்காய் அளவுக் கிழங்குகளை எடுக்காமல் விரலால் இரண்டு அங்குலம் அழுத்தி, குடுமி மேலே இருக்கும்படி புதைத்து, புரட்டிய கட்டியை உடைத்து மூடிவிட வேண்டும். குழியைத் திறந்தபடி விட்டால் வெயில் மிச்சக் கிழங்கையும் காய்த்துவிடும், மாட்டுக் காலும் முறியும். ஒரு வீட்டுக்கு ஒரு நாளுக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ போதும். இதைச் சந்தைக்கு விற்க மூட்டை மூட்டையாகக் கிளறுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வில்லுகளை நிரப்பி வீடும் கடையும் கட்டுகிறார்கள், கொட்டி நிற்கிற இடமே குறைந்துகொண்டு வருகிறது. மிஞ்சியிருக்கிற இடத்தையும் நாமே வெறுமையாக்கக் கூடாது.

கழுவி, அவித்து

கழுவுவதுதான் பொறுமை கேட்கிற வேலை. முதலில் ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவிடுங்கள், களி தானாக இளகும். பிறகு சாக்கில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டுங்கள். கிழங்கோடு கிழங்கு உரசி வேரும் நாரும் போகும். மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினால் நாலாவது தண்ணீர் தெளிவாக நிற்கும். கழுவிய தண்ணீரில் மிதக்கிற கிழங்குகளைக் கொட்டிவிடுங்கள், அவை உள்ளே கெட்டவை.

தோலோடு அவிக்க வேண்டும். கிழங்கு மூடும்வரை தண்ணீர் விட்டு ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். சேற்று வாசமும் தோல் கசப்பும் அதோடு போகும். புதுத் தண்ணீர், உப்பு, மறுபடி அடுப்பில். அரை மணி நேரம் போதும் என்பார்கள், நான் முக்கால் மணி விடுவேன். ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினால் தோல் வழுகி, உள்ளே மாவாக உடையவேண்டும். அரைவேக்காட்டில் எடுக்காதீர்கள். பசியில் ஒருமுறை அப்படி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு இரவு முழுக்க வயிறு ஊதிக் கிடந்தேன். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் நாலைந்து கிழங்கோடு நிறுத்தி, அடுத்த நாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு கூடச் சாப்பிடுங்கள்.

சூட்டோடு தோலை உரித்து, துருவிய தேங்காயும் கட்டைச் சம்பலும் வைத்துச் சாப்பிடுவது எல்லாவற்றிலும் நல்லது. மரவள்ளியைவிட இறுக்கம், பனங்கிழங்கைவிட மிருது, கடைசியில் நாக்கில் ஒரு சின்னக் கசப்பு நிற்கும். அந்தக் கசப்பு இருந்தால்தான் எனக்குக் கொட்டி சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

கறி வேண்டுமென்றால் பாலாணம் வைக்கலாம். அவித்து உரித்த அரைக் கிலோ கிழங்குக்கு ஒரு தேங்காய். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள், அரைத் தேக்கரண்டி வெந்தயம் எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு, கிழங்கைச் சேர்த்து, கடைசியில் முதற்பால் விட்டு, நுரை கட்டும்போது இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். கிழங்கை வெட்ட வேண்டாம், முழுசாகவே போடுங்கள். அப்புறம், அடுப்பில் தணல் இருக்கிற வீடென்றால் பிள்ளைகளுக்காக ஒரு பிடி கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்துச் சுட்டுக் கொடுங்கள். சுட்டதில் கசப்பு குறைவு, வாசம் கூட. அவிக்காத கிழங்கை நிழலில் பரப்பி வைத்தால் சில நாள் நிற்கும். அவித்தது அன்றைக்கே முடியவேண்டும்.

வீட்டில் ஒரு தொட்டி

குளத்துக்குப் போக முடியாதவர்கள், சேற்றில் இறங்கக் கூடாதவர்கள் வீட்டிலேயே வளர்க்கலாம். ஒரு சீமெந்துத் தொட்டி அல்லது பழைய பெரிய பிளாஸ்டிக் பீப்பாயின் பாதி. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குளத்துக் களி. உரம் வேண்டாம், பாசி பிடிக்கும். நாலு கிழங்கை ஒரு சாண் இடைவெளியில், குடுமி மண் மட்டத்துக்கு வரும்படி அழுத்தி வையுங்கள். ஆழமாகப் புதைத்தால் அழுகும். முதலில் நாலு விரல் தண்ணீர், இலை மேலே வர வரத் தண்ணீரையும் ஏற்றி ஒரு அடியில் நிறுத்துங்கள். வெயில் நன்றாகப் படவேண்டும். நுளம்பு முட்டையிடாமல் இருக்க இரண்டு கப்பி மீன் விடுங்கள், இல்லாவிட்டால் டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்வார்கள்.

பூ முடிந்ததும் கதிர் வளைந்து தண்ணீரில் படுத்துக் காய் முற்றும். விதைகள் கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு அமிழ்ந்து, அடிச் சேற்றில் விரைவாகவே முளைக்கும். அந்தப் புல் மாதிரி நாற்றுகளைக் களையென்று பிடுங்கிவிடாதீர்கள். ஆனி பிறந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, தொட்டியைக் குளம் வற்றுவது போல மெல்ல வற்றவிடுங்கள். இலை கருகும்போது கை பரபரக்கும், செடி செத்துவிட்டதென்று தோன்றும். களியின் அடிப்பக்கம் ஈரம் முழுதாகப் போகாதபடி வாரத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை தண்ணீர் தெளித்து, தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, புரட்டாதி வரை விட்டுவிடுங்கள். முதல் மழைத் தண்ணீரை அதற்குள் விழவிட்டு இரண்டு கிழமை கழித்துக் குனிந்து பாருங்கள். சேற்றிலிருந்து செம்பச்சை நிறத்தில், சுருட்டிய வெற்றிலை நுனி மாதிரி முதல் இலை கிளம்பியிருக்கும்.